எட்டு உப்பு சேர்வதற்குள் முடிந்துவிடும் ஆட்டம்

கேள்வி: அண்ணே, நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து 'மன்னார் வேட்டை' என்று ஒரு கார்டு விளையாட்டு செய்திருக்கிறோம். மொத்தம் 60 கார்டு. ஆளுக்கு 20 உயிர். முதல் சுற்றில் 1 உப்பு, அடுத்ததில் 2 என்று கூடிக்கொண்டே போகும். அந்த உப்பைக் கொடுத்துத்தான் கார்டை இறக்க வேண்டும், இறங்கிய கார்டு அடுத்த சுற்றில் அடிக்கும். ஆவுளியா (கடற்பசு), வேளா (ரம்ப மூக்கு மீன்), தனுஷ்கோடிப் புயல் பூதம் என்று ஆறு ராட்சதக் கார்டுகள் உண்டு. எல்லாமே 8 உப்பு, 10 பலம். ஆனால் அவற்றை இறக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. தப்பித்தவறி இறங்கினால் இரண்டே அடியில் எதிராளி காலி. ராட்சதக் கார்டை மட்டும் பெரிய அளவில் அச்சடிக்கலாமா?
- பதினொன்றாம் வகுப்பு மாணவர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, பாம்பனில் படகுகளுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். இரண்டு வருஷமாக மகளோடு சேர்ந்து இதே மாதிரி கார்டு செய்துவருகிறேன். நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் நாங்களும் மாட்டினோம்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டாம் சுற்றில் 2 பலம் உள்ள நண்டு ஒன்று, மூன்றாம் சுற்றில் இன்னொன்று இறங்குகிறது என்று வையுங்கள். யாரும் தடுக்காவிட்டால் எட்டாம் சுற்றுக்குள் முதல் நண்டு ஆறு அடி, அடுத்தது ஐந்து அடி. மொத்தம் 22. உங்கள் ராட்சதன் வரும்போது அவனை இறக்கவேண்டிய ஆள் தோற்றுப்போயிருப்பான்.

அதற்காக விலையை 5 உப்பாகக் குறைத்துவிடாதீர்கள். தவணையில் வரவிடுங்கள். ஆவுளியா கடல்புல் மேய்ந்து வளரும் பிராணி. மூன்றாம் சுற்றில் கார்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றுக்கு 2 உப்பு அதன்மேல் போடட்டும். ஆறாம் சுற்றில் எட்டும் சேர்ந்துவிடும். மிச்ச உப்பில் சின்னக் கார்டுகளை இறக்கித் தாக்குப்பிடிக்கலாம். எதிராளிக்கும் 'ஏதோ பெரிசு வருது' என்று கண்ணெதிரே தெரியும். அந்தப் பயம் இருக்கிறதே, ராட்சதக் கார்டின் பாதி ருசி அதில்தான்.

அப்புறம் பலம். 10-ஐ 7 ஆக்குங்கள், மூன்று அடி தேவைப்படும். நிஜ ஆவுளியா மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலே வந்தே ஆக வேண்டும். அதையே விதியாக எழுதுங்கள்: இரண்டு சுற்று நீருக்கடியில் இருந்து அடிக்கும், யாரும் தொட முடியாது. மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்க மேலே வரும், அப்போது அடிக்காது, சின்ன நண்டுகூட அதைக் கடிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லாரும் காத்திருப்பது அந்த மூன்றாம் சுற்றுக்குத்தான்.

வேளாவுக்கு 4 பலம் போதும். ஆனால் இறங்கும்போதே ரம்ப மூக்கால் மூன்று சின்னக் கார்டுகளை அறுத்துத் தள்ளட்டும். ஆறுக்கும் ஒரே எண் போட்டால் படம் மட்டும்தான் வேறு.

புயல் பூதத்தை எடுத்துவிடுங்கள், தம்பி. 1964 டிசம்பரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் தீவில் இன்னும் இருக்கின்றன. அதை உப்பு கொடுத்து இறக்கும் கார்டாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கார்டு அளவை மாற்றவே வேண்டாம். 63 × 88 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது கார்டு அடங்கும். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் கலைக்கவும் முடியாது, கார்டுக் கட்டுக்குள் அது எங்கே இருக்கிறது என்று விரல் பட்டதுமே தெரிந்துவிடும். பெரிசு என்பதைப் படத்தில் காட்டுங்கள். 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் மேலே தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். அது தூக்கியிருக்க, அடியில் ஆவுளியாவின் முதுகு மட்டும் போகட்டும். தலையும் வாலும் கட்டத்துக்கு வெளியே. ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு வள்ளம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவு உடனே புரியும்.

வண்ணத்தை இப்போதே தொடாதீர்கள். பென்சிலில் எழுதி பத்து ஆட்டமாவது ஆடிப் பாருங்கள், அந்த 7 என்ற எண்ணையே இரண்டு தரம் அழிக்க வேண்டிவரலாம்.