கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு ஒரு வழி

கேள்வி: எங்களுக்குக் கீழ்த்தளத்தில் வீடு, மாடியில் சுங்குடிச் சேலைப் பட்டறை. இணைய இணைப்பு வரும் ரவுட்டர் (192.168.1.1) கீழே இருக்கிறது. அதிலிருந்து கேபிள் இழுத்து, மாடியில் உள்ள இரண்டாவது ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளையில்) செருகியிருக்கிறேன். மாடிக் கணினியிலிருந்து கீழ்வீட்டுப் பிரிண்டரில் அச்சிட முடிகிறது. ஆனால் பட்டறையின் கேமரா பதிவுப் பெட்டியை (192.168.2.50) கீழிருந்து திறக்க முடியவில்லை. ஸ்டாட்டிக் ரூட் (நாமே எழுதிவைக்கும் நிலையான வழி) போட வேண்டும் என்கிறார்கள். எப்படிப் போடுவது?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: எதையும் மாற்றுவதற்கு முன் கீழ் ரவுட்டரின் ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் பட்டியலை, திறந்து படியுங்கள். 192.168.1.0, மாஸ்க் 255.255.255.0 என்ற வரி, 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகள் எல்லாம் கீழ்வீட்டிலேயே இருப்பவை என்று சொல்கிறது. முகவரியின் எவ்வளவு பகுதி பொருந்த வேண்டும் என்பதைக் காட்டுவதே மாஸ்க். 0.0.0.0, மாஸ்க் 0.0.0.0 என்ற வரி, வேறெதிலும் அடங்காத அனைத்தையும் சேவை நிறுவனத்தின் கேட்வேக்கு (அடுத்த வாயிலான ரவுட்டருக்கு) அனுப்பச் சொல்கிறது. 192.168.2.50 எந்தத் தனி வரியிலும் அடங்காததால், மாடிப்படி ஏற வேண்டிய உங்கள் கோரிக்கை தெருவில் இறங்கிவிடுகிறது. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி தனி வலையமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது.

மாடியிலிருந்து கீழே வர முடிவது ஏன் என்றால், மேல் ரவுட்டர் 'நேட்' முறையில் தன் சொந்த முகவரியையே அனுப்புநராக எழுதுகிறது. அந்த முகவரி கீழ்வீட்டு வலையமைப்பைச் சேர்ந்தது என்பதால் பதில் தவறாமல் திரும்புகிறது.

மேல் ரவுட்டரின் வேன் முகவரி 192.168.1.2 என்று கொள்வோம். அது நாளை மாறினால் நீங்கள் எழுதும் வழி பயனற்றுப் போகும். ஆகவே கீழ் ரவுட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் (ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே முகவரியைத் தரும் பகுதியில்) அதை முதலில் நிலைப்படுத்துங்கள். பிறகு ஸ்டாட்டிக் ரூட் பகுதியில் சேருமிடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2 என எழுதுங்கள். பலர் தவறுவது கேட்வேயில்தான். அங்கே 192.168.2.1 என்று எழுதக்கூடாது. கீழ் ரவுட்டர் நேரடியாக எட்டக்கூடிய முகவரியே கேட்வேயாக இருக்க முடியும்.

இனி 192.168.2.50க்கு 0.0.0.0 வரி, நீங்கள் எழுதிய வரி என இரண்டு வரிகள் பொருந்தும். தெற்கே செல்லும் எல்லா ஊர்களுக்கும் ஒரு பலகையும் திருப்பரங்குன்றத்துக்கு மட்டும் ஒரு பலகையும் இருந்தால், திருப்பரங்குன்றம் போகிறவர் இரண்டாவதைத்தானே பார்ப்பார்? அவ்வாறே, குறிப்பாகச் சொல்லும் வரி, அதாவது மாஸ்க் நீளமான (இங்கே 255.255.255.0) வரி, வெல்லும். வழியின் முன்னுரிமையைக் காட்டும் மெட்ரிக் எண், மாஸ்க் வரை ஒன்றான இரு வழிகளுக்கு இடையில்தான் பேசும்.

மேல் ரவுட்டரின் ஃபயர்வால் வேன் பக்கத்திலிருந்து வருவதைத் தடுக்கும் என்பதால், அங்கே 192.168.1.0 வலையமைப்பை அனுமதிக்க வேண்டும். மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் இவ்வசதி இராது. அப்படியானால் ஸ்டாட்டிக் ரூட்டை விட்டுவிட்டு, மேல் ரவுட்டரில் பதிவுப் பெட்டிக்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்து (ரவுட்டருக்கு வரும் கோரிக்கையை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிட்டு), 192.168.1.2 என்ற முகவரியிலேயே அதைத் திறப்பதே நல்லது.

சோதிக்க, கீழ்வீட்டுக் கணினியில் 192.168.2.50க்கு, வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் 'டிரேசர்ட்' கட்டளை கொடுங்கள். 192.168.1.1க்கு அடுத்து சேவை நிறுவனத்தின் முகவரி தெரிந்தால், நீங்கள் எழுதிய வரி இன்னும் டேபிளில் ஏறவில்லை.