14 பிள்ளைகளோடு ஜேர்மனிக்கு: துணை செல்லும் ஆசிரியைக்கு

கேள்வி: இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பகுதியில் உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் எங்கள் 10ஆம் தர மாணவர்கள் 14 பேர் ஒக்டோபர் மாதத்தில் 12 நாட்கள் ஜேர்மனி செல்கிறார்கள். அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் தங்குவார்கள். துணைக்குப் போகும் இரண்டு ஆசிரியர்களில் நான் ஒருத்தி. இதுவரை விமானம் ஏறியதில்லை. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: டீச்சர், விமானப் பயணத்தை நினைத்துக் கலங்காதீர்கள், அது ஒரே நாளில் பழகிவிடும். உங்கள் வேலையில் பெரும்பகுதி புறப்படுவதற்கு முன்பே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் நடக்கப்போகிறது. இந்த வாரமே 14 வீடுகளுக்கும் போகத் தொடங்குங்கள். பாடசாலையில் கூட்டம் வைத்தால் பெற்றோர் ஒருநாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்துதான் வர வேண்டும். வந்தாலும் அதிபர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு நீங்கள் போய் உட்கார்ந்தால்தான், பிள்ளைக்கு இரவில் இழுப்பு வருவதும், தாய் குவைத்தில் வேலை செய்வதும் தெரியவரும்.

தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் காரியத்தை முதலில் எடுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கவும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விசா எடுக்கவும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிள்ளையை வளர்ப்பது பாட்டிதான் என்றாலும் அவர் கையொப்பம் அதற்கு ஈடாகாது. தாய் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய்க் கையொப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டிவரும். வீட்டு வேலையில் இருப்பவருக்கு விடுமுறை கிடைப்பதே அரிது. கிடைக்கும் வெள்ளிக்கிழமையிலும் அங்கே அலுவலகங்கள் மூடியிருக்கும். இந்த ஒரு தாளுக்காக நான் துணை சென்ற ஒரு பயணத்தில் ஒரு பிள்ளை கடைசி வாரத்தில் நின்றுபோனாள். மற்றவர்கள் பஸ் ஏறியபோது அவள் வழியனுப்ப வந்து நின்றாள். அந்தத் தாளை நான் மூன்று மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னோர் எழுத்து, தந்தையின் அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்றிருப்பது வழமை. பதிவாளர் சிங்களத்தில் எழுதியதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ராமசாமி மூன்று விதமாக மாறிவிடுவார். எனவே முதலில் கடவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். கண்டியிலும் அதற்கான அலுவலகம் உண்டு. பிறகு டிக்கெட், காப்புறுதி, விசா விண்ணப்பம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பழைய ஆவணங்களோடு வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் கைவிரல் அடையாளம் கொடுக்க வேண்டும் என்பதால் எல்லாரையும் ஒருநாள் கொழும்புக்கு அழைத்துச் செல்ல நேரும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கல்விக்காகச் செல்லும் பாடசாலை மாணவர்களுக்கும் துணை செல்லும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விதிப்படி விசாக் கட்டணம் கிடையாது. இதைக் கேட்டு வாங்குங்கள், தோட்டத்துக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. உங்கள் வெளிநாட்டு விடுமுறைக்கான விண்ணப்பத்தையும் அதிபர் மூலமாக இப்போதே வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி, என் மனதில் மிகவும் கனக்கும் விடயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது. மரியாதை என்று நாம்தான் அப்படி வளர்த்திருக்கிறோம். அந்நிய வீட்டில் அந்த மரியாதையே அவர்களுக்கு ஆபத்தாகலாம். பசித்தாலும் போதும் என்பார்கள், காய்ச்சல் என்றாலும் சுகம் என்பார்கள், யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டாலும் தலை குனிந்து நிற்பார்கள். ஆகவே புறப்படுமுன் வாரம் ஒருமுறை வகுப்பில் நடித்துப் பழக்குங்கள். "இதை நான் சாப்பிடுவதில்லை", "எனக்கு உடம்புக்கு முடியவில்லை", "என் ஆசிரியையோடு பேச வேண்டும்" என்ற மூன்று வாக்கியங்களும் அங்குள்ள மொழியில் நாவில் நிற்கட்டும். ஒரு பிள்ளை வேறு வீடு கேட்டால், யாரும் காரணம் கேட்காமல் அன்றிரவே வீடு மாற்றித் தருவோம் என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத் தனியாக விடாமல் இருவராகத் தங்கவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நேரில் பாருங்கள். முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஐரோப்பா முழுவதும் அவசர இலக்கம் 112. அதையும் உங்கள் இலக்கத்தையும் கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு அட்டையிலும் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள்.

சாப்பாடு பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு என்பது பாணும் சீஸும் இறைச்சித் துண்டுகளும்தான். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்ணாத பிள்ளைகளின் பட்டியல் அந்தக் குடும்பங்களுக்கு முன்னதாகவே போகட்டும். ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோக முடியாது. பாசத்தில் தாய்மார் கட்டித்தரும் பால்கோவா விமான நிலையக் குப்பைக்குத்தான் போகும். தேயிலைக்குத் தடையில்லை. "என் அம்மா பறித்த கொழுந்து" என்று சொல்லி ஒரு பொதியைக் கொடுக்கும் பிள்ளைக்கு வேறு பரிசு எதுவும் தேவையில்லை. குளிர் ஆடைக்குக் கொழும்புக் கடைகளைத் தேடாதீர்கள். நுவரெலியா பேல் பஸாரில் நல்ல தடித்த ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும்.

பரிமாற்றம் என்பதால் அடுத்த முறை ஜேர்மன் பிள்ளைகள் இங்கே வருவார்கள். "உன் வீட்டில் எத்தனை அறை?" என்ற கேள்வி முதல் நாளே வரும். 10 அடிக்கு 12 அடி லய அறையில் வாழும் பிள்ளை அங்கே பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படக் கூடாது. வருகிறவர்கள் விடுதியில் தங்கட்டும், பகலில் வீடுகளுக்கு வந்து சாப்பிடட்டும் என்று இப்போதே பேசி முடியுங்கள். நம் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலை, 1948இல் பறிபோன குடியுரிமை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை தன் வீட்டைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசும்.

பெற்றோரோடு தொடர்புக்கு நேரம் குறித்துவிடுங்கள். இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே மாலை 4.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 3.30 ஆகிவிடும். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்காக வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புங்கள், ஒவ்வொரு பிள்ளையின் குரலும் அதில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத லயங்களுக்கு, மேட்டில் வசிக்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்.

ஒக்டோபரில் மலைநாட்டில் மழை பலமாகப் பெய்யும். கினிகத்தேனை, கித்துல்கல பாதையில் மண் சரிந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டு, விமானத்துக்கு முந்தின நாளே இறங்கிவிடுங்கள். திரும்பி வரும்போதும் நள்ளிரவில் பிள்ளைகளைத் தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிடாதீர்கள். விடியும்வரை பாடசாலையிலேயே தங்கவையுங்கள். காலையில் பெற்றோர் வந்து, பட்டியலில் பெயருக்கு நேரே கையொப்பம் வைத்து, பிள்ளையை அழைத்துப் போகட்டும்.