தாலின் சுவரும் குன்னூர் சுவரும்

கேள்வி: என் மகள் எஸ்தோனியாவின் தாலின் நகரில் படிக்கிறாள். அவள் இருக்கும் லஸ்னமே பகுதியில் சோவியத் காலத்து ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டுகிறார்களாம், குளிரும் பூஞ்சையும் போய்விடுமாம். எங்கள் அடுக்குமாடியிலும் ஐப்பசி மழையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப்போகிறது. உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அந்தச் சூடு வெளியே போகாமல் காக்கத்தான் கான்கிரீட் பலகைச் சுவருக்கு வெளியே சுமார் 15 செ.மீ. போர்வை. ஒட்டும் கலவையைத் தெர்மாகோல் பலகையின் நாலு ஓரமும் விடாமல் பட்டையாகப் பூசி, நடுவில் உருண்டை வைப்பார்கள். உருண்டை மட்டும் வைத்தால் பின்னால் காற்று ஓடி, போட்ட காசு வீண். ஜன்னல் பக்கவாட்டுச் சுவரில் ஒட்ட மறந்தால் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். இன்னொன்று: பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு இறுக்கமான பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய வீடுகளில், காற்றோட்டம் இல்லாமல் புதிதாகப் பூஞ்சை வந்தது. அதனால் முழுச் சீரமைப்பு என்றால் காற்றோட்டமும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டில் காக்கச் சூடே இல்லை. உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் பின்னால் சுவர் இன்னும் குளிரும். இடுக்கு வழியே போகும் நீராவி அங்கே படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை வளரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறுத்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் சுவர் வழியே மழைநீர் வருகிறது. அறைப்பக்கம் முத்து முத்தாக நின்றால், அது வீட்டு நீராவி.

மழைநீர் என்றால் வெளிப்பூச்சு வெடிப்பு, மழைநீர்க் குழாய் இணைப்பு, சன்ஷேடு ஆகியவற்றைப் பாருங்கள். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே காடி (நீளவாக்கில் சிறு பள்ளம்) இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைத் தொடும். சுவர் காயும் முன் பெயின்ட் அடித்தால் கொப்புளம்தான்.

நீராவி என்றால் பீரோவை மூன்று அங்குலம் நகர்த்துங்கள். குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் 20 நிமிடம் ஓடட்டும். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் சேரும். மழையில் ஜன்னல் திறக்கப் பயப்படவேண்டாம். 13 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் சுமார் 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூடுபனி நேராக உள்ளே நுழையும்போது மட்டும் சாத்துங்கள்.

கேள்வி: மொட்டைமாடி ஒழுகுகிறது. மேல்மாடிக்காரர்தான் செலவு செய்யணும் என்கிறார்கள். சரியா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: சரியில்லை. கூரை எல்லோருக்கும் பொது, செலவும் பொது. எஸ்தோனியாவில் 2018 முதல் அடுக்குமாடி வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சட்டப்படியே சங்க உறுப்பினர். சங்கம் கடன் வாங்கி மாதாமாதம் எல்லா வீட்டிலும் வசூலிக்கிறது. சோவியத் காலக் கட்டடங்களைச் சீரமைக்க முடிந்ததற்கு அதுவும் பெரிய காரணம். நீங்களும் முதலில் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். வேலை முடிந்ததும் நீர்வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் பார்த்தபிறகே கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுங்கள்.