தேடல் முடிவில் மட்டக்களப்பு மாவட்ட முகவரிகள் மட்டும் வர என்ன செய்வது?

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இடம் தேடும் சேவையான நொமினாட்டிமில், வியூபாக்ஸ் (தேடும் பரப்பைக் குறிக்கும் பெட்டி) போட்டும் பெரியநீலாவணை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரத்தான் செய்யும். வியூபாக்ஸ் வெறும் செவ்வகம். மாவட்ட எல்லை அப்படி நேராக ஓடுவதில்லை. பெரியகல்லாறு மட்டக்களப்பில், கொஞ்சம் தெற்கே பெரியநீலாவணை அம்பாறையில். மாவட்டம் முழுவதையும் அடக்கிப் பெட்டி வரைந்தால் அண்டை மாவட்ட ஊர்களும் சேர்ந்துவிடும்.

ஆகவே முகவரியை வைத்தே வடிகட்டுங்கள். கோரிக்கையில் 'அட்ரஸ்டீட்டெயில்ஸ்=1' சேர்த்தால் ஒவ்வொரு முடிவுடனும் 'அட்ரஸ்' என்ற ஆப்ஜெக்ட் வரும்; ஊர், மாவட்டம், மாகாணம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். ஒரு முடிவை கன்சோலில் அச்சிட்டு, மாவட்டப் பெயர் எந்தப் புலத்தில் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபில்டர்' ஒரே வரியில் வேலையை முடித்துவிடும்.

நான் இரண்டு நாள் தடுமாறியது மொழியில்தான். உலாவி தமிழில் இருந்தால் 'மட்டக்களப்பு' என்று வரலாம். ஆங்கிலப் பெயரோடு ஒப்பிட்டால் எல்லாமே கழிந்துபோகும். முடிவு எந்த மொழியில் வரவேண்டும் என்று சொல்லும் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' மதிப்பை நீங்களே நிர்ணயித்துவிடுங்கள்.

அப்புறம், வடிகட்டல் முடிவுகள் வந்த பிறகே நடக்கிறது. இயல்பான 10 முடிவும் கழிந்தால் பட்டியல் காலியாகும், எத்தனை முடிவு வேண்டும் என்று சொல்லும் 'லிமிட்'டை 40 ஆக்குங்கள். நொமினாட்டிமின் பொதுச் சேவையகத்தில் நொடிக்கு ஒரு கோரிக்கைதான். எழுத்துக்கு எழுத்து தேடுவதற்கு அங்கே அனுமதி இல்லை, தேடல் பொத்தான் வையுங்கள்.