நல்ல புருஷன விட்டுட்டு ஏன் போறா?

கேள்வி: ‘தி ரெயின் பீப்பிள்’னு ஒரு பழைய அமெரிக்கப் படம் பாத்தேன். புருஷன் ஒண்ணும் கொடுமக்காரன் இல்ல, வீடு வாசல் இருக்கு, வயித்துல புள்ளையும் இருக்கு, அப்புறம் என்ன குறைன்னு இந்தப் பொண்ணு காரை எடுத்துக்கிட்டு கெளம்புறா? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. தப்பா?

பதில்: தப்பே இல்லைங்க, மொத தடவ பாத்தப்போ எனக்கும் அதே கோவம்தான். 1969ல டைரக்டர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்தது, அவரோட ‘காட்ஃபாதர்’ வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் ஆரம்பக் காட்சியே எனக்குப் பிடிபட்டுச்சு. விடியக்காலை, வெளிய மழை, தூங்குற புருஷனோட கை அவ மேல கெடக்கு, அவ அதுலேந்து நழுவி எந்திரிக்கிறா. அடிக்கிற கை இல்ல, அசந்து தூங்குற கைதான், ஆனா அவளுக்கு அது பாரமா இருக்குன்னு அவளா நடிச்ச ஷெர்லி நைட் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

அப்புறம் வழியில ஒரு போன் பூத்லேந்து அவனுக்குப் பேசுறா பாருங்க, படத்தோட உயிரே அங்கதான் இருக்கு. முன்னெல்லாம் காலையில கண்ணு முழிச்சா அந்த நாள் முழுக்க என்னோடது, இப்ப அது உன்னோடதா ஆயிருச்சுங்கற மாதிரி சொல்லுவா. அவன் மேல வேற எந்தக் குத்தமும் சொல்லல. புருஷன் கெட்டவனா இருந்தா நாம ஈசியா அவ பக்கம் போயிருவோம், கைதட்டி அனுப்பி வச்சிருவோம், அந்த வசதியை கொப்போலா நமக்குக் குடுக்கல, உங்க கோவமும் அதனாலதான்னு நினைக்கிறேன்.

அதுக்காக படம் அவளுக்கு வக்காலத்து வாங்குதுன்னும் சொல்ல முடியாது. வழியில ஒருத்தனுக்கு லிஃப்ட் குடுக்குறா, ஜேம்ஸ் கான் நடிச்சது. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி தலையில அடிபட்டு கொழந்த மாதிரி ஆயிட்டவன், காலேஜ் அவன் கையில ஆயிரம் டாலரத் திணிச்சு அனுப்பிருச்சு. அம்மா ஆகப் பயந்து ஓடுறவளுக்கு ரோட்டுலயே ஒரு புள்ள வந்து சேருது! எங்கயாவது விட்டுட்டுப் போகப் பாக்குறா, விட்டுட்டுப் போனா மனசு கேக்கல, திட்டுறா, திரும்பி வர்றா. நெப்ராஸ்கா பக்கம் வந்தப்புறம் ராபர்ட் டுவால் போலீஸ்காரரா வர்றாரு, அதுக்கு மேல நான் சொல்லல, முடிவு தெரியாம பாக்குறவங்க இருப்பாங்க.

கேள்வி: இது உண்மைக் கதையா?

பதில்: இல்ல. ஆனா கொப்போலா சின்னப் பையனா இருக்கும்போது அவங்க அம்மா ஒரு சண்டைக்கப்புறம் வீட்ட விட்டுப் போயி மோட்டல்ல தங்கியிருந்தாங்களாம், அதுதான் வித்துன்னு அவரே சொல்லியிருக்காரு. அம்மா இல்லாத வீட்ல உக்காந்திருந்த பையன், வளந்தப்புறம் அம்மாவத் திட்டி படம் எடுக்கல, அவங்க எங்க போயிருப்பாங்க, என்ன நெனச்சிருப்பாங்கன்னு கூடவே போயிப் பாத்திருக்கான். எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சின்ன டீமா வண்டிகள்ல ஊர் ஊரா போய்க்கிட்டே எடுத்தாங்க, அத, பின்னாடி ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ் தனியா ஒரு டாக்குமெண்டரியாவும் எடுத்தாரு.

கேள்வி: இதே மாதிரி வேற படம்?

பதில்: ‘வாண்டா’, 1970. பார்பரா லோடன் அவங்களே எழுதி, இயக்கி, நடிச்சாங்க. பென்சில்வேனியாவுல நிலக்கரி தோண்டுற ஊரு. விவாகரத்து கேஸுக்காக வாண்டா கோர்ட்டுக்கு லேட்டா வர்றா, தலையில முடி சுருட்டுற கர்லர் கூட எடுக்கல, புள்ளைங்க அப்பாகிட்டயே இருக்கட்டும்னு ஜட்ஜ்கிட்ட சாதாரணமா சொல்லிட்டுப் போயிருவா. அந்தக் காட்சியில எனக்கு மூச்சே நின்னுருச்சு. வெனிஸ் திரைப்பட விழாவுல பரிசு வாங்குன படம். லோடன் இன்னொரு முழுநீளப் படம் எடுக்காமயே 1980ல, 48 வயசுல புற்றுநோய்ல போயிட்டாங்க, அத நெனச்சா இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு.

கேள்வி: ‘ரெயின் பீப்பிள’ அம்மாகூட சேந்து பாக்கலாமா?

பதில்: தாராளமா பாருங்க. நடுவுல அவங்க அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போனா மட்டும் படத்த ஓட விடாதீங்க, நிறுத்தி வைங்க, வந்து உக்காந்தப்புறம் போடுங்க.