அழுக்கு அசிற்றோனை வடிக்க மெம்பிரேன் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: கொட்பே பக்கம் பைபர் போட் திருத்தும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். றெசின் பிடித்த பிரஷ், ரோலர் கழுவவே நிறைய அசிற்றோன் போகிறது. ஒருவர் வந்து, "புது ரக மெம்பிரேன், எந்தக் கெமிக்கலையும் வடித்துத் தரும்" என்று ஒரு மெஷினைக் காட்டினார். விலை ஒன்றரை லட்சம். பார்க்க வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், திருகோணமலை

பதில்: வேண்டாம். உங்கள் சந்தேகம் சரிதான்.

மெம்பிரேன் என்பது வடிகட்டும் மெல்லிய தாள். குடிநீர் மெம்பிரேனில் உப்பைத் தடுப்பது மேலே உள்ள மெல்லிய பொலிஅமைட் படலம். அதைத் தாங்கும் பொலிசல்போன் அடுக்கு அசிற்றோன் பட்டால் ஊதி இளகிவிடும். மெம்பிரேனைச் சுருளாகச் சுற்றி ஒட்டிய பசைக்கும் உத்தரவாதமில்லை.

அசிற்றோன் மாதிரியான கரைப்பான்களை வடிக்கும் மெம்பிரேன் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸின் போமன்ட் சுத்திகரிப்பாலையில் 1998 முதலே பொலிஇமைட் மெம்பிரேனால் எண்ணெயிலிருந்து கரைப்பானைப் பிரித்தார்கள். எவோனிக் கம்பனி அசிற்றோன் போன்றவற்றுக்கு டூராமெம், ஹெக்சேன், டொலுயீன் வகைக்குப் பூராமெம் என்று தனித்தனியாக விற்கிறது. தயாரிப்பவர்களே பிரித்து விற்கும்போது "எந்தக் கெமிக்கலும்" என்கிற பேச்சை எப்படி நம்புவது? அதோடு இவை பொதுவாக 20 முதல் 40 பார் அழுத்தத்தில், உருக்குக் கூட்டுக்குள் வேலை செய்பவை. வீட்டு ஆர்.ஓ. பம்ப் அந்த அழுத்தத்தைத் தராது. சாதாரண மோட்டார் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: அசிற்றோன் ஆவி மைனஸ் 20 பாகை அளவிலேயே தீப்பிடிக்கும், ஒரு பொறி போதும்.

சரி, உண்மையான மெம்பிரேனே கிடைத்தாலும் உங்கள் திரவத்துக்கு அது பொருந்தாது. பிரஷ்ஷில் ஹார்ட்னர் கலந்த றெசின் அல்லவா இருக்கிறது? அது டின்னுக்குள்ளும் மெல்ல இறுகி, பிசினாகி மெம்பிரேனை அடைத்துவிடும். காய்ச்சி வடிக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஹார்ட்னர் ஒரு பெரொக்சைட், சூடாக்கினால் வெடிக்கக்கூடியது.

மூன்று டின் வையுங்கள். முதல் டின்னில் அழுக்கை எடுத்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் மட்டும் சுத்தமான அசிற்றோன். முதலாவது கெட்டதும் மற்ற இரண்டும் ஒரு படி முன்னே வரட்டும். இரவு மூடிவைத்தால் மண்டி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பாவிக்கலாம். மண்டியைக் கடற்கரையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

விற்பனையாளர் விடாமல் வந்தால் மெம்பிரேனில் ஒரு துண்டும் ஓ-ரிங் ஒன்றும் கேளுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அசிற்றோன் விட்டு இரண்டு நாள் ஊறப் போடுங்கள். ஊதினாலோ இளகினாலோ அந்த மெஷின் வேண்டாம். ஓ-ரிங் வைட்டன் ரப்பர் என்று பெருமையாகச் சொல்வார். பெற்றோலுக்கு அது நல்லதுதான், அசிற்றோனில் வீங்கிவிடும், இதற்கு ஈ.பி.டி.எம். ரப்பர் வேண்டும். துண்டு தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.