ஐ.சி.யூ. வேலையை விட்டு டிமென்ஷியா பராமரிப்புக்குப் போகிறாள் மகள், விடலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ. வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு, நினைவும் சிந்தனையும் மெல்லக் குலைந்துபோகும் டிமென்ஷியா வந்த முதியவர்களைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கும் தோழி ஒருத்தியும் கூட்டுச் சேர்ந்திருக்கிறாள். "கடன் வாங்கி நாலு வருஷம் படிக்க வைத்தது கிழங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளவா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, ஐ.சி.யூ.விலும் உங்கள் மகள் அதை அள்ளத்தான் போகிறாள். நர்சிங் என்று வந்துவிட்டால் அதற்குத் தப்ப முடியாது. அதனால் அந்தக் காரணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். நீங்கள் உண்மையில் கேட்க நினைப்பது, இது படித்துச் செய்கிற தொழிலா, இல்லை கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் செய்கிற ஆயா வேலையா என்பது. நம் ஊரில் பல இடங்களில் இன்னும் ஆயா வேலையாகத்தான் நடக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு குளியலறை வாசலில் நின்று தெரிந்துகொண்டேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருத்தி சேர நினைத்த முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே கூச்சல். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைக் குளிப்பாட்ட இரண்டு உதவியாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். நைட்டியைக் கழற்றப் போனால் கடிக்கிறார், ஷவரைத் திறந்தால் அலறுகிறார். மேஜை மேல் திறந்திருந்த பதிவேட்டில் முந்தைய நாள்களிலும் அவர் பெயருக்கு எதிரே ஒரே வரி: குளிக்க மறுப்பு, முரட்டுத்தனம். அன்றைக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த மூத்த நர்ஸ் ஒருவர் எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, பாட்டியின் மகளுக்குப் போன் போட்டார். "ஊர்ல அம்மா எப்படிக் குளிப்பாங்க?" என்ற ஒரே கேள்விதான். பதில் வந்தது. கிணற்றடியில், பாவாடையை மார்மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்படிப்பட்டவரைத்தான் தினமும் இரண்டு பேர் சேர்ந்து துணியை உருவி, தலைக்கு மேலே எங்கிருந்தோ தண்ணீர் கொட்டும் ஓர் அறைக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் கடிக்கத்தான் செய்வார்கள். ஒரு பாவாடை, ஒரு வாளி வெந்நீர், ஒரு பித்தளைச் சொம்பு உள்ளே போயின. அப்புறம் எனக்குக் கேட்டது சொம்பு வாளியில் இடிக்கும் சத்தமும், மஞ்சள் எங்கே என்று பாட்டி கேட்டதும்தான்.

அந்த நர்ஸ் நல்ல மனசுக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு உதவியாளர்களும் நல்ல மனசுக்காரர்கள்தான். வித்தியாசம் பயிற்சியில் இருந்தது. முரட்டுத்தனம் என்று எழுதப்பட்டதை அவர் ஒரு செய்தியாகப் படித்தார். மனிதரை மையமாக வைத்த பராமரிப்பு என்று இன்று உலகம் முழுக்கப் பாடமாக வைத்திருப்பது இதைத்தான்.

இந்தச் சிந்தனைக்கு டிமென்ஷியாத் துறையில் அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டாம் கிட்வுட். 1997இல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் இந்தப் பயிற்சிகளின் முதுகெலும்பு. நோயாளியின் நிலைக்கு மூளைச் சிதைவு மட்டும் காரணமில்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் அவரை வேகமாகக் கீழே தள்ளும் என்றார். எப்படியெல்லாம் என்று பட்டியலே போட்டார். பொய் சொல்லிச் சாப்பிட வைப்பது, குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சுவது, அவசரப்படுத்துவது, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவது. இதையெல்லாம் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த இடத்தின் பழக்கம் அப்படி என்பதையும் சேர்த்தே சொன்னார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். அவர் குழு உருவாக்கிய ஒரு முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பொதுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு முதியவரும் என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று மணிக்கணக்கில் குறிப்பார். அரை நாள் யாருமே ஒரு வார்த்தை பேசாத ஆள் யார் என்பது அப்போது தெரிந்துவிடும். மனசு மட்டும் போதாது, கண்ணையும் பழக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் கற்றுக்கொள்ள வேண்டியதில் மருத்துவமும் நிறைய இருக்கிறது. நேற்றுவரை சுமாராக இருந்தவர் இன்று திடீரென்று தாறுமாறாகப் பேசினால் அது டிமென்ஷியா முற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அதை அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரின் வலியை மூச்சிலும் முகச்சுளிப்பிலும் முனகலிலும் படிக்க வேண்டும். ஆளைச் சாந்தப்படுத்தக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் "இந்த மாத்திரை இன்னும் வேணுமா சார்?" என்று கேட்கும் தெம்பு ஒரு நர்சுக்கு வேண்டும். வெள்ளைத் தட்டில் வைத்த வெள்ளை இட்லி சிலர் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, வாழையிலையில் வைத்தால் சாப்பிட்டுவிடுவார் என்பது போன்ற சின்ன விஷயங்களும் இதில் அடக்கம்.

தோழியின் வேலை வேறு மாதிரி. குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்து அந்த மனிதரின் வாழ்க்கைக் கதையை வாங்குவது, ராத்திரி தூங்காத மருமகளுக்கு மாற்று ஏற்பாடு தேடுவது, பென்ஷன் கையெழுத்துச் சிக்கல், சொத்துச் சண்டை எல்லாம் சமூகப் பணியாளர் தலையில்தான் விழும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் அவள் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களும் அடங்குவார்கள். அதனால் அவள் எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பது நல்லது.

வேலை இருக்குமா என்ற கவலையே வேண்டாம். 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வுக் கணிப்பின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்தது. வேலை இருக்கும். ஆரம்பச் சம்பளம்தான் ஐ.சி.யூ. அளவுக்கு இருக்காது.

பயிற்சி எங்கே? சென்னையில் மனநலத் துறையில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய டிமென்ஷியா சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ., பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், அங்கேயே உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் அந்தந்த வருடப் பயிற்சிகளை விசாரியுங்கள். நர்சுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒரு வருட முதியோர் நர்சிங் போஸ்ட் பேசிக் டிப்ளமோ உண்டு. தலைப்பைத் தொட்டுப் பார்க்க ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் டிமென்ஷியா பற்றி இலவச ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது. காசு செலவில்லாமல் மகளின் ஆர்வம் எத்தனை வாரம் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

எந்த இடமானாலும் ஃபீஸைக் கேட்பதற்கு முன்னால், நோயாளிகளோடு எத்தனை மணி நேரம், பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துபவர் யார் என்று கேளுங்கள். இரண்டு நாள் ஸ்லைடு போட்டு, மதியம் பிரியாணி போட்டு, சர்டிபிகேட் கையில் கொடுத்து அனுப்பும் இடங்களும் உண்டு. அதைத் தப்பென்று சொல்லவில்லை, அறிமுகத்துக்கு ஆகும். ஆனால் அந்தப் பாவாடைக் கேள்வியைக் கேட்கும் திறமை ஸ்லைடில் வராது. குளிப்பாட்டப் போய், கடி வாங்கி, அன்று மாலையே ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து ஏன் கடித்தார் என்று பேசித்தான் வரும்.

வெளிநாட்டுக் கதை ஒன்று உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "டிமென்ஷியா சர்டிபிகேட் இருந்தால் லண்டன் கேர் விசா" என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. பதிவு பெற்ற நர்சாகப் போவது வேறு வழி, அதற்குத் தனித் தேர்வுகள் உண்டு. ஜப்பான் முதியோர் பராமரிப்புக்கு ஆள் எடுக்கிறது, ஜெர்மனி நர்சுகளை எடுக்கிறது. இரண்டுக்கும் மொழிதான் பெரிய மலை. பி.எஸ்சி. முடித்தவள் கேர் வொர்க்கராகப் போனால் அந்த வருடங்கள் நர்ஸ் அனுபவமாக எண்ணப்படுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, என் யோசனை. மகள் முதலில் பரீட்சையை முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யட்டும். அதற்கு முன் எந்தச் சிறப்புப் பயிற்சியும் வேண்டாம். ஒரு வருடம் பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கட்டும், ஆனால் ஐ.சி.யூ.வை விட பொது மருத்துவ வார்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முதியவர்கள் நிறைந்திருப்பது அங்கேதான். இத்தனை வருடம் வேலையை விட முடியாது என்று எழுதி வாங்கும் பாண்டு எத்தனை வருடம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். விடுமுறை நாளில் ஒரு முதியோர் பகல்நேர மையத்துக்குப் போய் உதவட்டும். வருட முடிவிலும் இதே பேச்சு பேசினால் டிப்ளமோவுக்கு அனுப்புங்கள், தயங்க வேண்டாம். ஏஜென்சி மூலம் தனியாக ஒரு வீட்டில் தங்கிப் பார்க்கும் 24 மணி நேர டூட்டிக்கு மட்டும் முதல் இரண்டு வருடம் விடாதீர்கள். திருத்திச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அவள் எதுவும் கற்க மாட்டாள். இளம்பெண்ணின் பாதுகாப்பும் எனக்குக் கவலைதான்.

கடிதத்தின் கடைசியில், மாமியாருக்கும் இப்போதெல்லாம் சாப்பிட்டதே மறந்துவிடுகிறது, மகள்தான் சலிக்காமல் பதில் சொல்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வயசு என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, பி12 குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகள் இவையெல்லாம்கூட மறதியைக் கொண்டுவரும், அவற்றைச் சரிசெய்ய முடியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அல்லது முதியோர் பிரிவு ஓ.பி. என்றைக்கு என்று விசாரித்து அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், டாக்டரிடம் அவள் பேசட்டும்.